“அடுத்த படம்!” – ஒரு கட்டளையின் வரலாறு

சங்கரன்கோவில் என்றதும் ஆடித்தபசுத் திருவிழாவும் கோமதியம்மன் சந்நிதியும் பலருக்கு நினைவுக்கு வரும். அவ்வூர்த் தெருக்களில் நடந்தவர்களுக்கோ விசைத்தறிகளின் ஓசையும் காதில் நிற்கும். தறியில் நாடா ஒருமுறை ஓடுவதற்குள், எந்தப் பாவு நூல் மேலே எழ வேண்டும், எது கீழே நிற்க வேண்டும் என்பது முடிவாகியிருக்க வேண்டும். பூ வேலைப்பாடு நெய்யும்போது இதை முடிவு செய்வது எளிதன்று. பிரான்சு நாட்டு ஜக்கார்டு 1804-இல் இவ்வேலையைத் துளையிட்ட அட்டைகளிடம் ஒப்படைத்தார். ஓர் அட்டை ஒரு வரி. அடுத்த அட்டை அடுத்த வரி. அட்டை மாறினால் தறி தானாகவே தன் வேலையை மாற்றிக்கொள்ளும்.

இந்த அட்டையை மனத்தில் வைத்துக்கொண்டு ஒரு காணொளி வகுப்புக்கு வாருங்கள். ஆசிரியர் எங்கோ இருந்து பேசுகிறார். உங்கள் திரையில் இதயத்தின் படம் தெரிகிறது. அவர் நுரையீரலைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் படம் மாற வேண்டும். பேச்சையும் படத்தையும் ஒன்றாகக் கட்டுவது எது? படத்தை மாற்றும் உரிமை யாருடைய கையில் இருக்கிறது? இக்கேள்விகளுக்கு நீண்ட வரலாறு உண்டு.

தரையில் தட்டிய கோல்

கண்ணாடி வில்லையில் தீட்டிய படத்தை விளக்கொளியால் சுவரில் பெரிதாக வீழ்த்தும் ‘மாய விளக்கு’ 1659-ஆம் ஆண்டளவில் டச்சு அறிஞர் ஹைகன்ஸின் கைகளில் உருப்பெற்றது. நம் நாட்டில், பம்பாயை அடுத்த கல்யாண் நகரில், பட்வர்தன் குடும்பத்தார் 1890-களில் இவ்விளக்கைக் கொண்டு புராணக் கதைகளைக் காட்டினர். ஒன்றுக்கு மேற்பட்ட விளக்குகளை இயக்கி, அசையாத படங்களை அசைவனபோல் தோன்றச் செய்தனர்.

சொற்பொழிவாளர் முன்னால் நிற்பார். விளக்கு அவையின் பின்புறம் இருக்கும். அவர் கோலால் தரையைத் தட்டுவார், அல்லது மணியை அடிப்பார். பின்னாலிருக்கும் உதவியாளர் வில்லையை மாற்றுவார். உதவியாளர் கண்ணயர்ந்தால் பேச்சு ஒரு பக்கம், படம் ஒரு பக்கம் போய்விடும். ஆயினும் ஒரு நன்மை இருந்தது. அவையில் ஒருவர் எழுந்து, “ஐயா, முந்தைய படத்தை மீண்டும் காட்டுங்கள்” என்று கேட்கலாம். கேட்க ஒரு காதும், மாற்ற ஒரு கையும் அங்கே இருந்தன.

ஒலிநாடாவில் ஒளிந்த மணி

கோடாக் நிறுவனத்தின் ‘கரோசல்’ படவீழ்த்தி 1960-களின் தொடக்கத்தில் வந்தது. வட்டத் தட்டில் 80 சிலைடுகளை அடுக்கி வைக்கலாம்; பொத்தானை அழுத்தினால் தட்டு ஒரு படி சுழலும். பின்னர்ப் பொத்தானை அழுத்தும் விரலும் தேவையற்றதாயிற்று. ஒலிநாடாவின் ஒரு தடத்தில் பேச்சையும், மற்றொரு தடத்தில் 1,000 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுள்ள சிறு ஒலித்துடிப்பையும் பதிவு செய்தனர். பார்ப்போர் காதில் பேச்சு மட்டுமே விழும். துடிப்பு கருவிக்கு மட்டும் கேட்கும். உடனே படம் மாறும்.

ஜக்கார்டின் அட்டை செய்த வேலையை இங்கே ஒலித்துடிப்பு செய்தது. தன்னியக்கத்தின் அடிப்படை இதுதான்: ஒரு நிகழ்ச்சி, அதை அறிவிக்கும் ஒரு குறிப்பு, குறிப்பைக் கேட்டு நடக்கும் ஒரு செயல். ஆனால் மேற்சொன்ன நன்மை போய்விட்டது. நாடா தன் போக்கில் ஓடும். மாணவனின் குரல் அதற்குக் கேட்காது.

வானிலிருந்து வந்த பாடம்

1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை இந்தியா உலகம் வியக்க ஒரு சோதனை நடத்தியது. அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோள் வழியாக, ஆறு மாநிலங்களைச் சேர்ந்த சுமார் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சிப் பாடங்கள் அனுப்பப்பட்டன. ‘சைட்’ எனப்பட்ட இத்திட்டத்தில் தமிழகம் இடம்பெறவில்லை. அண்டை மாநிலங்களான ஆந்திரமும் கருநாடகமும் இடம்பெற்றன. சாலை வசதி குன்றிய ஊர்களிலும் கம்பிவலையாலான கிண்ணம் போன்ற வாங்கிகள் வானை நோக்கி நின்றன.

ஆனால் பாடம் ஒருவழிப் பாதையில் வந்தது. குழந்தை பார்க்கலாம், கேள்வி கேட்க இயலாது. 1990-களில் படம் ஒருவழியாகவும் குரல் இருவழியாகவும் செல்லும் பயிற்சி ஒளிபரப்புகளை இஸ்ரோ நடத்தியது. கல்விக்கென்றே செய்யப்பட்ட எடுசாட் 2004 செப்டம்பர் 20-இல் ஏவப்பட்டது. கற்பவரின் குரல் மெல்ல மெல்ல ஆசிரியரை எட்டத் தொடங்கியது.

தனித்தனியே வளர்ந்த இரண்டு பிள்ளைகள்

‘சைட்’ தொடங்குவதற்கு ஏழாண்டுகளுக்கு முன்பே, 1968 டிசம்பர் 9-இல், டக்ளஸ் எங்கல்பார்ட் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு வியப்பைக் காட்டினார். சுமார் 50 கிலோமீட்டர் தொலைவிலிருந்த தம் ஆய்வுக்கூடத்துத் தோழரின் முகத்தைத் திரையின் ஒரு பகுதியில் வரவழைத்தார். இருவரும் ஒரே ஆவணத்தில் வேலை செய்தனர். காணொளிக் கூட்டமும் காட்சி உரையும் ஒரே தொட்டிலில் பிறந்தன எனலாம்.

பின்னர் அவை பிரிந்து வளர்ந்தன. ராபர்ட் காஸ்கின்ஸும் தோழர்களும் உருவாக்கிய பவர்பாயின்ட் 1987-இல் வெளிவந்தது. அதே ஆண்டில் மைக்ரோசாப்ட் அதை 140 இலட்சம் டாலருக்கு வாங்கியது. ஜூம் நிறுவனம் 2011-இல் தொடங்கப்பட்டு 2013-இல் சேவைக்கு வந்தது. இரண்டையும் சேர்க்க முதலில் கிடைத்த வழி ‘திரைப் பகிர்வு’. அதாவது ஆசிரியரின் திரையை அப்படியே படம்பிடித்து அனுப்புவது. புத்தகத்தைக் கேமராவுக்கு முன்னால் தூக்கிப் பிடிப்பது போன்றது இது. பார்ப்பது எத்தனையாவது பக்கம் என்பது கூட்ட மென்பொருளுக்குத் தெரியாது.

2020-இல் கொரோனாப் பெருந்தொற்று பள்ளிகளை மூடியபோது இக்குறை வெளிப்பட்டது. 2019 டிசம்பரில் நாளொன்றுக்கு ஒரு கோடியாக இருந்த ஜூம் பங்கேற்பு, 2020 ஏப்ரலில் 30 கோடியை எட்டியது. நம் மாநிலத்தில் 2019-இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியும் பாடங்களை வீடு சேர்த்தது. ஆனால் அதுவும் ஒருவழிப் பாதையே. காணொளி வகுப்பிலோ அலைவரிசை மெலியும் சிற்றூர்களில் படம் மங்கியது, பேச்சு அறுந்தது.

கதவைத் தட்டும் முறை

இப்போது இரு மென்பொருள்களும் நேரடியாகப் பேசிக்கொள்ளும் வழி உண்டு. மென்பொருள் பிறருக்கெனத் திறந்து வைக்கும் வாசலுக்கு ஏ.பி.ஐ. என்று பெயர். பவர்பாயின்ட் ஒவ்வொருமுறை சிலைடு மாறும்போதும் ஓர் அறிவிப்பை எழுப்புகிறது. ‘கூட்டம் முடிந்தது’, ‘பதிவு ஆயத்தம்’ என்று கூட்ட மென்பொருளும் அறிவிக்கிறது. இவற்றைக் கேட்டு நடக்கும் சிறு நிரலை எழுதிவிட்டால், பாடவேளை வந்ததும் கூட்டம் தானே அமையும். அதற்குரிய சிலைடுகள் வந்து சேரும். முடிந்ததும் பதிவு மாணவருக்குப் போகும். ஒலிநாடாவின் துடிப்பு இப்போது மின்செய்தியாக மாறியிருக்கிறது, அவ்வளவே.

இவ்வேலை ஏதோ கடல் கடந்த ஊரில்தான் நடக்கிறது என்று எண்ண வேண்டாம். சங்கரன்கோவில் அடங்கிய தென்காசி மாவட்டத்திலேயே, மத்தளம்பாறையில், சோகோ நிறுவனத்தின் அலுவலகம் இருக்கிறது. சோகோ ஷோ காட்சி உரைக்கும், சோகோ மீட்டிங் கூட்டத்துக்கும், சோகோ ஃப்ளோ மென்பொருள்களைக் கோத்து வேலைகளைத் தானே நடத்துவதற்கும் அந்நிறுவனம் ஆக்கியவை.

நேரடித் தொடர்பால் விளையும் நன்மையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு சிலைடு 200 கிலோபைட்டு என்று கொள்வோம். ஒரு பைட்டு 8 பிட்டு. ஆக 1,600 கிலோபிட்டு. வினாடிக்கு 100 கிலோபிட்டு மட்டுமே வரும் மெலிந்த இணைப்பில் அது வந்து சேர 16 வினாடி ஆகும். ஆசிரியர் பேசும்போதே அனுப்பினால் இது பெருந்தடங்கல். வகுப்புக்கு முன்பே சிலைடுகளை அனுப்பி வைத்துவிட்டால், பாடத்தின்போது ‘ஏழாம் பக்கம்’ என்னும் குறிப்பு மட்டும் போனால் போதும். அதற்குச் சில பைட்டுகளே தேவை. மிச்சப் பாதையெல்லாம் ஆசிரியரின் குரலுக்கு.

கை யாருடையது?

இன்னும் ஒரு நன்மை உண்டு. சிலைடு மாணவரின் கருவிக்கே வந்துவிட்டால், அவரே பின்னோக்கிப் புரட்டலாம். மைக்ரோசாப்டின் ‘டீம்ஸ்’ மென்பொருளில் இவ்வசதி இருக்கிறது. பேசுபவர் முன்னே செல்லும்போதே கேட்பவர் முந்தைய படத்தைப் பார்த்துவிட்டு மீண்டும் வந்து சேர்ந்துகொள்ளலாம். பேசுபவர் விரும்பினால் இதைத் தடுத்தும் வைக்கலாம். அதே கருவி; ஒரு பொத்தானில் வேறுபாடு. அந்தப் பொத்தான் ஒலிநாடாவின் பக்கம் நிற்கிறதா, “முந்தைய படத்தைக் காட்டுங்கள்” என்று கேட்டவரின் பக்கம் நிற்கிறதா என்பதே கேள்வி.

தன்னியக்கம் சொன்னதைச் செய்யும், சொல்லாததை அறியாது. ‘பதிவு முடிந்ததும் எல்லாருக்கும் அனுப்பு’ என்றால், வகுப்புக்குப் பின் ஒரு மாணவி தயங்கித் தயங்கிக் கேட்ட தனி ஐயத்தையும் அது எல்லாருக்கும் அனுப்பிவிடும். அறுந்த இழையைக் கண்டதும் தறியை நிறுத்தும் நெசவாளியைப் போல, இடையில் ஒரு மனிதக் கண் இருந்தே ஆக வேண்டும்.

மாணவ நண்பர்களே, உங்களுள் சிலர் நாளை இத்தகைய நிரல்களை எழுதப் போகிறீர்கள். அப்போது, ‘அடுத்த படம்’ என்னும் கட்டளையை எழுதிய கையோடு, ‘முந்தைய படம்’ என்னும் கட்டளையையும் எழுதுங்கள். அதைக் கேட்பவரின் கையில் கொடுங்கள்.