முன்னிற்குஞ்சுரப்பி அழற்சி: நோயறிதலும் மருத்துவமும் மாறிவந்த வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே அமைந்துள்ள முன்னிற்குஞ்சுரப்பியில் (புராஸ்டேட்) ஏற்படும் அழற்சி, மருத்துவ வரலாற்றில் நெடுங்காலம் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட நோய்களுள் ஒன்றாகும். இந்நோயைக் கண்டறியும் முறைகள் 19ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் 2010 வரை எவ்வாறு மாறின என்பதையும், அம்மாற்றங்கள் மருத்துவத்தை எவ்வாறு திசைதிருப்பின என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது. ஒவ்வொரு காலத்திலும் கிடைத்த கருவி எதைக் காட்டியதோ அதுவே நோய் எனக் கொள்ளப்பட்டது என்பதும், கருவிக்குப் புலப்படாத வலியுடன் வந்தவர்களே நோயாளிகளுள் பெரும்பான்மையினர் என்பதும் இக்கட்டுரையின் மையக் கருத்துகளாகும்.

திறவுச் சொற்கள்: முன்னிற்குஞ்சுரப்பி, அழற்சி, நோயறிதல், நான்கு குவளைச் சோதனை, நுண்ணுயிர் எதிர்ப்பி, இடுப்புக்கூட்டு வலி, மருத்துவ வரலாறு

முன்னுரை

ஒரு நோய்க்குச் சூட்டப்படும் பெயர் வெறும் அடையாளமன்று; அது நோயின் காரணத்தைப் பற்றிய ஒரு முடிவையும் தன்னுள் கொண்டிருக்கிறது. ‘அழற்சி’ என்னும் சொல்லைப் பயன்படுத்தும்போது, குறிப்பிட்ட உறுப்பில் வீக்கமும் வெள்ளணுக்களின் திரட்சியும் உள்ளன என்பது உறுதிசெய்யப்பட்டதாகவே பொருள்படும். முன்னிற்குஞ்சுரப்பி அழற்சி என்ற பெயரால் அழைக்கப்பட்ட நோயாளிகளுள் பலருக்கு அத்தகைய சான்று எதுவும் இல்லை. இப்பெயருக்கும் நோயாளி உணரும் துன்பத்திற்கும் இடையிலான இடைவெளியே இந்நோயின் வரலாறாக விரிகிறது.

கருவாய்ப் பகுதியிலும் அடிவயிற்றிலும் வலி, சிறுநீர் கழிப்பதில் இடர், அடிக்கடி சிறுநீர் கழிக்கும் உணர்வு, விந்து வெளியேறுகையில் வலி ஆகியன இந்நோயின் முதன்மையான குறிகளாகும். அமெரிக்காவில் 1990 முதல் 1994 வரையிலான மருத்துவர் சந்திப்புகளை ஆராய்ந்து 1998இல் வெளியான ஓர் ஆய்வு, ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 20 இலட்சம் சந்திப்புகள் இந்நோயின் பொருட்டு நிகழ்ந்தன எனக் கணக்கிட்டது. நாட்பட்ட நிலையில் இந்நோய் வாழ்க்கைத் தரத்தைக் குலைக்கும் அளவு, மாரடைப்பு, நெஞ்சுவலி, குரோன் குடல்நோய் ஆகியவற்றோடு ஒப்பிடத்தக்கது என்பதை 1996இல் வெளியான மற்றோர் ஆய்வு காட்டியது. இத்தகைய பெருந்துன்பத்திற்கு நெடுங்காலம் தெளிவான வரையறை இல்லாதிருந்தது ஏன் என்ற வினா இங்கு எழுகிறது.

உறுப்பும் பெயரும்

இச்சுரப்பியின் பெயர் ‘முன்னே நிற்பது’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த எரோபிலசு என்னும் பண்டைய உடற்கூற்றியலாளருடன் இப்பெயரை இணைத்துக் கூறுவது மரபு. தமிழ்க் கலைச்சொல்லாகிய ‘முன்னிற்குஞ்சுரப்பி’ அக்கிரேக்கப் பொருளை அப்படியே தாங்கி நிற்கிறது. ஐரோப்பாவில் வெனிசைச் சேர்ந்த நிக்கோலோ மாசா 1536இல் இவ்வுறுப்பை விளக்கினார். வெசாலியசு 1538இல் வெளியிட்ட உடற்கூற்றுப் படங்களில் இது இடம்பெற்றது.

உறுப்பு அறியப்பட்ட பின்னரும் அதன் நோய்களைப் பிரித்தறிவது எளிதாக அமையவில்லை. இச்சுரப்பி உடலின் ஆழத்தில், சிறுநீர்வழியைச் சூழ்ந்து அமைந்திருப்பதே இதற்குக் காரணமாகும். மலக்குடல் வழியாக விரலால் தொட்டறிவதே மருத்துவருக்கு வாய்த்த நேரடி வழியாக இருந்தது. சுரப்பியிலிருந்து பெறப்படும் நீர்மமும் சிறுநீர்வழியாகவே வெளிவர வேண்டியிருப்பதால், அதில் காணப்படும் கிருமி சுரப்பியைச் சேர்ந்ததா, சிறுநீர்வழியைச் சேர்ந்ததா என்பதைத் தீர்மானிக்க இயலவில்லை. பின்னாளில் எழுந்த சோதனைகள் யாவும் இச்சிக்கலை மையமிட்டே உருவாயின.

மேகவெட்டை முதல் சுரப்பி பிசைதல் வரை

ஆல்பர்ட் நெய்சர் 1879இல் மேகவெட்டை நோயின் நுண்ணுயிரியைக் கண்டறிந்தார். அதன்பின், நாட்பட்ட முன்னிற்குஞ்சுரப்பி அழற்சி மேகவெட்டையின் எச்சமாகவே பெரும்பாலும் கருதப்பட்டது. இக்கருத்து நோயாளியின் மீது ஓர் ஒழுக்கக் கறையையும் ஏற்றியது. நோய் குறித்துப் பேசத் தயங்கும் நிலை உருவாவதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த ஹ்யூ ஹாம்ப்டன் யங்கும் அவருடன் பணியாற்றியோரும் 1906இல் நாட்பட்ட முன்னிற்குஞ்சுரப்பி அழற்சி பற்றி விரிவான ஆய்வொன்றை வெளியிட்டனர். சுரப்பியைப் பிசைந்து பெறப்படும் நீர்மத்தை நுண்ணோக்கியில் ஆராய்வதும், மீண்டும் மீண்டும் பிசைவதையே மருத்துவமாக மேற்கொள்வதும் இக்காலத்தின் நடைமுறைகளாயின. அடைபட்ட நாளங்களிலிருந்து சீழை வெளியேற்றுவதே பிசைதலின் நோக்கம் எனக் கூறப்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் முற்பாதி முழுவதும் இம்முறையே மேலோங்கியிருந்தது. ஆயினும் கடுமையான உடனடி அழற்சியில் பிசைதல் கிருமிகளைக் குருதியில் பரப்பக்கூடும் என்பதால் அது தவிர்க்கத்தக்கது என்பது இன்று நிலைபெற்ற கருத்தாகும்.

பற்கள், உள்நாக்கு முதலிய இடங்களில் ஒளிந்திருக்கும் கிருமிகளே மூட்டுவலி உள்ளிட்ட பல நோய்களுக்கு மூலம் என்னும் ‘மறைமையத் தொற்று’க் கோட்பாடு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பதிற்றாண்டுகளில் செல்வாக்குப் பெற்றிருந்தது. அம்மறைமையங்களுள் ஒன்றாக இச்சுரப்பியும் எண்ணப்பட்டது. 1930களில் சல்பா மருந்துகளும் 1940களில் பெனிசிலினும் வந்தபின் மேகவெட்டையின் அச்சம் குறைந்தது. எனினும் சுரப்பி வலியுடன் வந்தவர்கள் குறையவில்லை. மேகவெட்டை ஒன்றே மூலம் என்ற விளக்கம் இவ்வாறு போதாமற்போனது.

நான்கு குவளைச் சோதனை

இந்நோயறிதல் வரலாற்றின் முதன்மையான திருப்பம் 1968இல் நிகழ்ந்தது. எட்வின் மியர்ஸ், தாமஸ் ஸ்டேமி ஆகிய இருவரும் அவ்வாண்டில் வெளியிட்ட சோதனைமுறை, கிருமியின் இருப்பிடத்தைப் படிப்படியாகப் பிரித்துக் காட்டியது. முதலில் வெளிவரும் 10 மில்லிலிட்டர் சிறுநீர் சிறுநீர்வழியைக் குறிக்கும். இடைநிலைச் சிறுநீர் சிறுநீர்ப்பையைக் குறிக்கும். மூன்றாவது மாதிரி, சுரப்பியைப் பிசைந்து பெறப்படும் நீர்மம். நான்காவது, பிசைந்தபின் வெளிவரும் முதல் 10 மில்லிலிட்டர் சிறுநீர். மூன்றாம் அல்லது நான்காம் மாதிரியில் கிருமிகளின் எண்ணிக்கை முதல் மாதிரியினதைவிடப் பத்து மடங்கு மிகுந்திருப்பின், தொற்று சுரப்பியில் உள்ளது எனத் துணியலாம்.

மருந்து சுரப்பியைச் சென்றடைகிறதா என்ற வினாவையும் ஸ்டேமியின் குழு அதே காலத்தில் எழுப்பியது. நாய்களைக் கொண்டு செய்யப்பட்ட ஆய்வு 1968இல் வெளியானது. குருதியிலிருந்து சுரப்பிநீருக்குள் பெரும்பாலான நுண்ணுயிர் எதிர்ப்பிகள் எளிதில் நுழைவதில்லை என்பதும், கொழுப்பில் கரையும் தன்மையும் அமில காரத் தன்மையும் இந்நுழைவைத் தீர்மானிக்கின்றன என்பதும் அதன்வழிப் புலனாயின. சிறுநீரில் கிருமி மறைந்தபின்னும் சுரப்பியிலிருந்து தொற்று மீண்டெழுவது ஏன் என்பதற்கு இது விளக்கம் தந்தது. டிரைமெத்தோபிரிமும், பின்னர் ஃபுளூரோகுவினோலோன் வகை மருந்துகளும் இந்நோய்க்கு வாரக்கணக்கில் வழங்கப்பட்டதன் அடிப்படை இதுவேயாகும்.

இச்சோதனையின் அடிப்படையில் 1978இல் டிராக், ஃபேர், மியர்ஸ், ஸ்டேமி ஆகியோர் நோயை நான்காக வகுத்தனர். அவை உடனடிக் கிருமி அழற்சி, நாட்பட்ட கிருமி அழற்சி, கிருமியற்ற அழற்சி, கிருமியும் வெள்ளணுவும் காணப்படாத சுரப்பிவலி என்பனவாகும். இவ்வகைப்பாடு ஓர் உண்மையை மறைமுகமாக வெளிப்படுத்தியது. முதலிரு வகைகளில் அடங்குவோர் நோயாளிகளுள் சிறுபான்மையினரே. எஞ்சியோர் ‘எது இல்லை’ என்பதைக் கொண்டே வகைப்படுத்தப்பட்டனர்.

கோட்பாட்டுக்கும் நடைமுறைக்கும் இடையிலான பிளவு

நான்கு குவளைச் சோதனை பாடநூல்களில் உயர்ந்த இடம் பெற்றது. மருத்துவமனைகளில் அவ்விடத்தைப் பெறவில்லை. சிறுநீரியல் வல்லுநருள் பெரும்பாலோர் அதனை அரிதாகவே பயன்படுத்தினர் என்பதை அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2000இல் வெளியான ஆய்வு உறுதிசெய்தது. நேரம், செலவு, நோயாளிக்கு நேரும் இடர்ப்பாடு ஆகியன இதற்குக் காரணங்களாகும். பிசைவதற்கு முன்னும் பின்னும் பெறப்படும் இரு மாதிரிகளே போதும் என்னும் எளிய முறையைக் கர்ட்டிஸ் நிக்கல் 1997இல் முன்வைத்தது இந்நடைமுறைச் சிக்கலுக்கான விடையே.

சோதனை செய்யப்படாத நிலையில் மருத்துவம் மட்டும் தொடர்ந்தது. கிருமி இருக்கக்கூடும் என்ற எண்ணத்தில் நுண்ணுயிர் எதிர்ப்பி வழங்கப்பட்டது. வலி குறையாதபோது வேறொரு மருந்து வழங்கப்பட்டது. இம்மருந்துகள் தீங்கற்றவையும் அல்ல. ஃபுளூரோகுவினோலோன் மருந்துகளால் தசைநாண் அழற்சியும் கிழிவும் நேரக்கூடும் என்னும் கடுமையான எச்சரிக்கையை அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிருவாகம் 2008இல் அம்மருந்துறைகளில் இடம்பெறச் செய்தது. கிருமியும் காணப்படாது மருந்துக்கும் இணங்காத நோயாளியின் வலியை மனத்தின் விளைவு எனக் கொள்ளும் போக்கும் நிலவியது. கருவிக்குப் புலப்படாதது உடலில் இல்லை என்னும் முடிவு அதில் உட்கிடையாக இருந்தது.

இதற்கு மாற்றான குரல்கள் முன்னரே எழுந்தன. மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த செகுராவும் உடன் ஆய்வாளர்களும் 1979இலேயே, இந்நோயாளிகள் பலரின் வலி சுரப்பியிலிருந்து அன்றி இடுப்புத்தளத் தசைகளின் இறுக்கத்திலிருந்து தோன்றக்கூடும் என எழுதினர். சுரப்பியையே நோக்கிக்கொண்டிருந்த துறை இக்கருத்துக்கு உரிய இடம் அளிக்கப் பல ஆண்டுகள் ஆயின.

வரையறை மாற்றம்

அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனம் 1995 டிசம்பரில் கூட்டிய அறிஞர் கலந்தாய்வு ஒரு புதிய வகைப்பாட்டை உருவாக்கியது. க்ரீகர், நைபெர்க், நிக்கல் ஆகியோர் 1999இல் அதனை வெளியிட்டனர். முதல் வகை உடனடிக் கிருமி அழற்சி; இரண்டாம் வகை நாட்பட்ட கிருமி அழற்சி; மூன்றாம் வகை நாட்பட்ட இடுப்புக்கூட்டு வலி நோய்த்தொகுதி; நான்காம் வகை குறிகளற்ற அழற்சி. மூன்றாம் வகை, வெள்ளணு காணப்படுவது, காணப்படாதது என மேலும் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. நோயாளிகளுள் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் இம்மூன்றாம் வகையைச் சார்ந்தவர்கள் எனப் பொதுவாக மதிப்பிடப்படுகிறது.

மூன்றாம் வகையின் பெயரில் வலி முதன்மை பெற்றது இங்கு கருதத்தக்கது. நோயின் இருப்பிடம் சுரப்பி என்ற உறுதிப்பாடு தளர்ந்து, நோயாளி உணரும் வலியே நோயின் வரையறையாயிற்று. இம்மாற்றத்திற்கு இசைவாக, மார்க் லிட்வின் தலைமையிலான குழு 1999இல் நோய்க்குறி அளவீடு ஒன்றை வெளியிட்டது. நோயாளர் குழுக்களுடன் நடத்திய உரையாடல்களின் துணையோடு உருவான அவ்வளவீடு 9 வினாக்கூறுகளைக் கொண்டது. வலிக்கு 21, சிறுநீர்க் குறிகளுக்கு 10, வாழ்க்கைத் தரத்திற்கு 12 என மொத்தம் 43 புள்ளிகள் ஒதுக்கப்பட்டன. நோயாளியின் கூற்று இதன்வழி அளவிடத்தக்க சான்றாக ஏற்கப்பட்டது.

சான்றுகளின் மறுபரிசீலனை

புதிய வரையறை, பழைய நம்பிக்கைகளைச் சோதிக்கும் வாய்ப்பை அளித்தது. நோயாளிகள் 488 பேரைக் கொண்டு நடந்து 2002இல் வெளியான ஆய்வு, வெள்ளணு எண்ணிக்கைக்கும் நோய்க்குறிகளின் கடுமைக்கும் தொடர்பில்லை எனக் காட்டியது. 2003இல் வெளியான ஆய்வு இன்னும் அடிப்படையான ஒன்றைச் செய்தது. நோயாளிகள் 463 பேரையும் நோயற்ற 121 பேரையும் ஒரே சோதனைக்கு உட்படுத்தியது. சுரப்பியில் நோய்க்கிருமி இருப்பதாகச் சோதனை காட்டியோர் நோயாளிகளுள் 8.0 விழுக்காட்டினர், நோயற்றோருள் 8.3 விழுக்காட்டினர். நோயற்றோரைப் போதிய எண்ணிக்கையில் ஒப்பிட்டுப் பாராமல், கிருமியைக் கண்டவுடன் அதனையே வலிக்குக் காரணமாகக் கொண்ட பழைய முறையின் குறை இதனால் வெளிப்பட்டது.

மருந்துகளும் இவ்வாறே சோதிக்கப்பட்டன. நாட்பட்ட இடுப்புக்கூட்டு வலியுள்ள 196 ஆண்களுக்குச் சிப்ரோஃபுளொக்சசின், டாம்சுலோசின் ஆகியவற்றைத் தனித்தும் சேர்த்தும் ஆறு வாரங்கள் வழங்கி நடத்தப்பட்ட ஆய்வு 2004இல் வெளியானது. மருந்துப்போலியைவிடக் குறிப்பிடத்தக்க பயன் எதுவும் காணப்படவில்லை. 272 ஆண்களுக்கு 12 வாரங்கள் நடத்தப்பட்டு 2008இல் வெளியான அல்ஃபுசோசின் ஆய்வில், மருந்து பெற்றோரும் மருந்துப்போலி பெற்றோரும் சம அளவில், அதாவது 49.3 விழுக்காடு, முன்னேற்றம் கண்டனர். கிருமி உறுதிசெய்யப்பட்ட முதலிரு வகைகளுக்கு இம்முடிவுகள் பொருந்தா என்பதை இங்குப் பிரித்துணர வேண்டும். அவ்வகைகளில் நுண்ணுயிர் எதிர்ப்பி இன்றியமையாதது. உடனடி அழற்சியில் அது உயிர்காக்கும் மருத்துவமுமாகும்.

இத்தோல்விகள், ஒரே பெயரின்கீழ் வெவ்வேறு நோயாளிகள் தொகுக்கப்பட்டிருந்தனர் என்பதை உணர்த்தின. டேனியல் ஷோஸ்கஸ், நிக்கல் முதலியோர் 2009இல் முன்வைத்த ‘யுபாயின்ட்’ என்னும் முறை, ஒவ்வொரு நோயாளியையும் ஆறு களங்களில் தனித்து ஆராய்கிறது. சிறுநீர்க் குறிகள், உளச்சமூக நிலை, உறுப்புசார் குறிகள், தொற்று, நரம்பும் உடல்முழுமையும் சார்ந்த குறிகள், இடுப்புத்தளத் தசைகளின் தொடுவலி என்பன அக்களங்கள். எக்களத்தில் குறை உள்ளதோ அதற்கேற்ற மருத்துவம் அளிக்கப்படும். 2010இல் வெளியான, 100 நோயாளிகளைக் கொண்ட தொடர் ஆய்வில் 84 விழுக்காட்டினர் குறைந்தது 6 புள்ளிகள் முன்னேற்றம் அடைந்தனர். ஆயினும் அவ்வாய்வில் ஒப்பீட்டுக் குழு இல்லாமையால், மருந்துப்போலி ஆய்வுகளுக்கு இணையான வலிமை அம்முடிவுக்கு இல்லை. செகுரா 1979இல் சுட்டிய தசைவலி, முப்பது ஆண்டுகளுக்குப் பின் இம்முறையில் ஒரு தனிக் களமாக இடம்பெற்றது. உளச்சமூக நிலையும் நோயை மறுப்பதற்கான காரணமாக அல்லாமல், பிற களங்களோடு சேர்த்து மருத்துவம் அளிக்கத்தக்க ஒரு கூறாக ஏற்கப்பட்டது.

முடிவுரை

முன்னிற்குஞ்சுரப்பி அழற்சியின் நோயறிதல் வரலாறு மூன்று நிலைகளைக் கடந்துள்ளது. முதல் நிலையில் மேகவெட்டையின் எச்சமாகவும், இரண்டாம் நிலையில் சுரப்பியில் இடம் காணத்தக்க தொற்றாகவும், மூன்றாம் நிலையில் பல காரணங்கள் கூடிய வலியாகவும் இந்நோய் கருதப்பட்டது.

நான்கு குவளைச் சோதனை தொற்றுடையோரை அடையாளம் காட்டிய அரிய கருவியாகும். அக்கருவியால் அடையாளம் காணப்படாதோர் நோயற்றோர் என்பது அதன் முடிவன்று. அதனைப் பயன்படுத்தியோரும், பெரும்பாலும் பயன்படுத்தாதோரும், அதன்மேல் ஏற்றிய முடிவாகும். சோதனையின்றித் தொடர்ந்த நுண்ணுயிர் எதிர்ப்பி மருத்துவமும், காரணம் புலப்படாத வலியை மனத்தின்மேல் சுமத்திய போக்கும் ஒரே குறையின் இரு வெளிப்பாடுகள் எனலாம். நோயாளியின் கூற்றைச் சான்றாக ஏற்றதும், நோயற்றோரையும் ஒப்பிட்டு நோக்கியதும் இக்குறையைத் திருத்திய இரு படிகளாகும். உரிய சோதனையால் தொற்றைப் பிரித்தறிவதும், தொற்றில்லாதபோது வலியின் பிற மூலங்களைத் தேடுவதும் ஒன்றுக்கொன்று மாற்றல்ல. இரண்டும் சேர்ந்தே சரியான நோயறிதல் ஆகும் என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.