சுவைத்துப் படிக்க நம் நூல்கள்

"நம் இலக்கியம் என்றால் மார்க்க போதனைதானே? ஓய்வு வேளையில் மகிழ்ந்து படிப்பதற்கு அதில் என்ன இருக்கிறது?" எனப் படித்த இளைஞர்களே வினவக் கேட்டிருக்கிறோம். அவர்களை நாம் குறை கூறவில்லை. விழா மேடைகளில் நூற்பெயர்களை அடுக்கிப் பெருமிதம் கொள்ளும் நாம், எந்த நூல் எவ்வகை இன்பம் தரும் என்பதை எடுத்துரைக்கத் தவறிவிட்டோம். ஆகவே, நானூறு ஆண்டுகளைக் கடந்த இவ்விலக்கிய வரலாற்றைச் சுவை என்னும் ஒரு கோணத்திலிருந்து மட்டும் இங்கு நோக்குவோம்.

முழுமையாகக் கிடைக்கும் இஸ்லாமியத் தமிழ் நூல்களுள் மிகப் பழையதாகக் கருதப்படுவது ஆயிர மசலா. வண்ணப் பரிமளப் புலவர் இயற்றிய இந்நூல் 1572-ஆம் ஆண்டில் மதுரையில் அரங்கேறியது. மசலா என்பது வினாவைக் குறிக்கும் அரபுச் சொல்லின் தமிழ் வடிவம். அறிஞர் அப்துல்லாஹ் இப்னு ஸலாம் வினாக்களைத் தொடுக்க, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விடை பகர்வதாக நூல் நடக்கிறது. இவ்வினா விடை வடிவத்தைப் பின்வந்த புலவர்கள் கதைச் சுவையோடு கலந்தார்கள். நூறு மசலாவில், மணம் நாடி வருபவனின் அறிவை ஓர் அரசகுமாரி வினாக்களால் சோதிக்கிறாள். வெள்ளாட்டி மசலாவில், ஓர் அடிமைப் பெண் அவையிலுள்ள அறிஞர்களுக்கு ஈடுகொடுத்து விடையளிக்கிறாள். ஆயிரத்தோர் இரவுகள் கதைத் தொகுதியிலும் இக்கதைக்கு உறவுண்டு. விடுகதையில் நாட்டமுள்ளோர் இவ்விரண்டையும் கையில் எடுத்தால் எளிதில் கீழே வைக்கமாட்டார்கள்.

வீரச் சுவை நாடுவோருக்குப் படைப்போர் நூல்கள் உள்ளன. நிகழ்ந்த வரலாறும் புலவரின் கற்பனையும் அவற்றில் கலந்திருப்பதால், வரலாற்றுச் சான்றாகக் கொள்ளாமல் கதையாகவே அவற்றைப் படித்தல் வேண்டும். கதை கேட்கும் இன்பம் நாடுவோருக்குக் கிஸ்ஸாக்கள் உள்ளன. மதாறு சாகிபுப் புலவரின் யூசுபு நபி கிஸ்ஸா அவ்வகையில் பெயர் பெற்றது.

காப்பியம் என்றவுடன் அஞ்சி ஒதுங்குவோர் பலர். உமறுப் புலவரின் சீறாப்புராணம் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட விருத்தங்களைக் கொண்டது என்பது உண்மையே. அதனை முதற் பாடலிலிருந்து முறையாகத் தொடங்க வேண்டும் என்னும் கட்டாயம் எவருக்கும் இல்லை. மானுக்குப் பிணை நின்ற படலத்தை முதலில் படியுங்கள். வேடனின் கையில் அகப்பட்ட மான், கன்றுக்குப் பாலூட்டித் திரும்ப விடை கேட்கிறது. அண்ணலார் பிணை நிற்கிறார்கள். மான் சொற்காத்து மீள்கிறது. அதனை ஒருமுறை வாய்விட்டுப் படித்தவர், எஞ்சிய படலங்களைத் தாமே தேடிச் செல்வார். அரபு நாட்டு வரலாற்றைச் சொல்லும் புலவர் தமிழ்நாட்டு வயலையும் ஆற்றையும் உடன் அழைத்துச் செல்லும் அழகையும் அப்போது காண்பார்.

நகைச்சுவைக்குச் சீதக்காதி நொண்டி நாடகம். திருடப் போய் அகப்பட்டுக் கை கால் இழந்த ஒருவன், தன் கதையைத் தானே சொல்லும் நூல் அது. கீழக்கரை வள்ளலின் கொடையும் மக்கா நகரப் பயணமும் அவனுக்கு மறுவாழ்வு தருகின்றன. தனிமையில் உள்ளம் உருகப் படிக்க விரும்புவோருக்குக் குணங்குடி மஸ்தான் சாகிபு (1792–1838) அவர்களின் கண்ணிகளை விஞ்சியவை அரிது. இந்து அன்பர்களும் அவரைக் குருவாகப் போற்றினார்கள். சரவணப் பெருமாளையர் அவர்மீது நான்மணிமாலை பாடினார்.

உரைநடையிலும் நம்மவர் பின்தங்கவில்லை. தமிழின் முதல் நாவலாகிய பிரதாப முதலியார் சரித்திரம் வெளிவந்தது 1879-இல். ஆறே ஆண்டுகளில், 1885-இல், கண்டியில் பிறந்த சித்தி லெப்பை அவர்கள் அசன்பே சரித்திரத்தை அளித்தார்கள். நாடு விட்டு நாடு செல்லும் வீரச் செயல்கள் நிறைந்த அக்கதை இளைஞர்களுக்கு ஏற்றது. நாகூர் குலாம் காதிறு நாவலர் ஆங்கில நாவல் ஒன்றைத் தழுவி உமறு பாஷா யுத்த சரித்திரம் எழுதினார்கள். அதே நாகூரிலிருந்து சித்தி ஜுனைதா பேகம் அவர்கள் 1938-இல் காதலா கடமையா என்னும் நாவலை வெளியிட்டார்கள், உ. வே. சாமிநாதையர் அதற்கு முன்னுரை வழங்கினார். முஸ்லிம் பெண் எழுதுவதையே பலர் விரும்பாத காலம் அது என்பதை நினைவிற் கொண்டு படித்தால் நூலின் அருமை மேலும் விளங்கும். இக்கால வாழ்வைக் காண விழைவோருக்குத் தோப்பில் முகம்மது மீரான் அவர்களின் ஒரு கடலோரக் கிராமத்தின் கதை (1988) இருக்கிறது. நம் குறைகளையும் மறைக்காமல் காட்டும் நூல் அது. அக்காரணத்தாலேயே அதனை நாம் பரிந்துரைக்கிறோம்.

இந்நூல்களுட் பழையவை கண்ணாடிப் பேழைக்காக இயற்றப்பட்டவை அல்ல. ஒருவர் படிக்க, வீட்டார் சூழ்ந்திருந்து கேட்பதற்காக எழுந்தவை. தமிழ் எழுத்தறியாத பெண்களும் அரபுத் தமிழில் எழுதப்பட்டவற்றைப் படித்தார்கள். அவ்வெழுத்தைப் படிக்கவல்லோர் இன்று அருகிவிட்டனர். பெயரளவில் மட்டும் நாம் அறிந்துள்ள நூல்கள் பல. கறையானைக் குறை சொல்லிப் பயனில்லை. கேட்பாரற்றுப் போனதால்தான் அவை மறுபதிப்புக் காணவில்லை. கேட்பார் இருந்திருந்தால் அச்சிடுவோரும் இருந்திருப்பர்.

ஆதலின், நாம் வேண்டுவது பெரிய முயற்சியன்று. மேலே சொன்னவற்றுள் உங்கள் சுவைக்கு ஏற்ற ஒன்றைத் தெரிந்து, ஊர் நூலகத்தில் கேளுங்கள். இல்லையென்றால் வாங்கி வைக்கச் சொல்லுங்கள். கிடைத்தபின் இரவு உணவு முடிந்ததும் பிள்ளைகளை அமர்த்தி ஒரு பகுதியை வாய்விட்டுப் படியுங்கள். "பிறகு என்ன ஆயிற்று?" என்று ஒரு பிள்ளை கேட்குமானால், அந்நூல் இன்னும் ஒரு தலைமுறைக்கு வாழும்.