ஐந்து சதவீதம் நிற்கும் இடம்: நீர்வடிப்பகுதி நெறிமுறைகளில் களப்பணியாளர் பயிற்சி குறித்து ஒரு மறுவாசிப்பு

நீர்வடிப்பகுதித் திட்டங்களில் பணியாளர் பயிற்சி ஏன் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை என்ற கேள்விக்கு ஆய்வுலகில் ஒரு பதில் ஏறக்குறைய நிலைபெற்றுவிட்டது. பணம் ஒதுக்கப்பட்டது, ஆனால் செலவழிக்கப்படவில்லை, அல்லது கணக்குக் காட்டுவதற்காகச் செலவழிக்கப்பட்டது என்பதே அந்தப் பதில். இதற்குச் சான்றாக 2008ஆம் ஆண்டின் பொது வழிகாட்டி நெறிமுறைகள் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டப்படுகின்றன. திட்டச் செலவில் 5 சதவீதத்தை நிறுவன உருவாக்கத்துக்கும் திறன் மேம்பாட்டுக்கும் என்று அவை தனியே எடுத்துவைத்தன. 2011இல் நெறிமுறைகள் திருத்தப்பட்டபோதும் அந்த 5 சதவீதத்தில் யாரும் கைவைக்கவில்லை. ஆகவே கொள்கை சரி, நடைமுறைதான் கோளாறு என்று முந்தைய ஆய்வுப்போக்கு முடிவு கட்டுகிறது.

அந்த முடிவோடு இக்கட்டுரை உடன்படவில்லை. கோளாறு நெறிமுறைக்கு உள்ளேயே, அதன் செலவுப் பகிர்வு அட்டவணையிலேயே இருக்கிறது. எத்தனை சதவீதம் என்று பார்த்த ஆய்வாளர்கள், அந்தச் சதவீதம் அட்டவணையில் எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்க்கவில்லை.

2008 அட்டவணையை வரிவரியாகப் படிக்கலாம். நிர்வாகச் செலவு 10, கண்காணிப்பு 1, மதிப்பீடு 1. அதற்கு அடுத்தது ஆயத்தக் கட்டம்: நுழைவுப் பணிகளுக்கு 4, நிறுவன உருவாக்கம் மற்றும் திறன் மேம்பாட்டுக்கு 5, விரிவான திட்ட அறிக்கைக்கு 1. பிறகு பணிக் கட்டம்: நீர்வடிப்பகுதி மேம்பாட்டுப் பணிகளுக்கு 50, சொத்தில்லாதோர் வாழ்வாதாரத்துக்கு 10, உற்பத்தி முறைகளுக்கும் குறுந்தொழில்களுக்கும் 13. கடைசியில் நிலைப்படுத்தும் கட்டத்துக்கு 5. கூட்டினால் 100. பயிற்சி ஒரே இடத்தில்தான் வருகிறது. அதுவும் ஆயத்தக் கட்டத்துக்குள். நூற்றுக்கு 73 பங்கு பணம் புழங்கும் பணிக் கட்டத்தின் கீழ்ப் பயிற்சி என்று ஒரு வரிகூட இல்லை.

அதே நெறிமுறை ஒரு திட்டத்தின் ஆயுளை 4 முதல் 7 ஆண்டுகள் என வகுத்தது. அதில் ஆயத்தக் கட்டம் 1 முதல் 2 ஆண்டுகள். பணிக் கட்டம் 2 முதல் 3. நிலைப்படுத்துதல் 1 முதல் 2. சமவெளியில் எக்டேருக்கு ரூ.12,000 என்ற அன்றைய அளவில் 5,000 எக்டேர் திட்டம் ஒன்றின் மொத்தச் செலவு ரூ.6 கோடி. பயிற்சியின் பங்கு ரூ.30 லட்சம். சிறிய தொகை என்று இதைச் சொல்லிவிட முடியாது. ஆனால் இந்த ரூ.30 லட்சமும் அட்டவணைப்படி முதல் வரப்புக்கு மண் வெட்டுவதற்கு முன்பே தனக்குரிய கட்டத்தைக் கடந்துவிடுகிறது.

இது வெறும் கணக்கியல் ஏற்பாடுதானே என்று கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். நெறிமுறையின் உரைப்பகுதி பயிற்சியைப் பரந்த நோக்கில்தான் பேசுகிறது. ஆண்டுதோறும் திறன் மேம்பாட்டுச் செயல்திட்டம் வேண்டும், பயிற்றுநர் குழு வேண்டும், தயாரித்த பாடங்கள் வேண்டும், பயிற்சிக்குப் பிறகு தொடர்கவனிப்பு வேண்டும் என்றெல்லாம் அது வலியுறுத்துகிறது. நிலைப்படுத்தும் கட்டத்திலும் ஊர் அமைப்புகளின் திறனை வளர்ப்பது பற்றிப் பேசுகிறது. இவற்றைக் காட்டி, பயிற்சி திட்டக்காலம் முழுவதற்கும் உரியது என்று வாதிட இடமுண்டு. அந்த வாதத்தை முற்றாக ஒதுக்க முடியாது.

ஆனாலும் இரண்டு காரணங்கள் அந்த வாதத்துக்கு எதிராக நிற்கின்றன. நெறிமுறையின் உரை விரும்புவதைச் சொல்கிறது. அட்டவணை அனுமதிப்பதைச் சொல்கிறது. தவணை தவணையாகப் பணம் வரும் ஒரு திட்டத்தில், முந்தைய தவணைக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் தராமல் அடுத்தது வராது. ஆயத்தக் கட்டத்தின் தலைப்பில் வந்த பணத்தை மூன்றாம் ஆண்டு மழைக்காலத்துக்கென்று கையில் வைத்திருக்கும் அலுவலர் தணிக்கையாளருக்கும் மாவட்ட ஆய்வுக் கூட்டத்துக்கும் பதில் சொல்லியாக வேண்டும். எந்த அலுவலரும் அந்த நிலைக்குத் தம்மை ஆளாக்கிக்கொள்ள விரும்பமாட்டார். இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது. நிலைப்படுத்தும் கட்டத்தில் பேசப்படும் திறன் வளர்ப்பு ஊர் அமைப்புகளுக்கானது, திட்டம் முடிந்த பின்னான காலத்துக்கானது. வரப்பைக் குறித்துக் கொடுத்த, தடுப்பணையின் இடத்தை முடிவுசெய்த களப்பணியாளருக்கு அதில் இடமில்லை.

முன்கூட்டிய பயிற்சி ஏன் போதாது என்பதை அறிய வேலையையே பார்க்கவேண்டும். சம உயரக் கோட்டைக் குறிக்கும் ஏ-சட்டத்தை எடுத்துக்கொள்வோம். மூன்று கம்புகள், ஒரு நூல், ஒரு கல். சட்டத்தை நிறுத்தி, நூல் குறுக்குக் கம்பை வெட்டும் இடத்தில் ஒரு கோடு போடவேண்டும். கால்களை இடம் மாற்றி அதே புள்ளிகளில் நிறுத்தி இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவே வருவது மட்டக்கோடு. இதை அரைமணி நேரத்தில் எவருக்கும் கற்றுக்கொடுத்துவிடலாம், வகுப்பறை முற்றத்திலேயே. கற்றுக்கொடுக்க முடியாதது அடுத்து வருவது. கோடு ஒரு பட்டா எல்லையைக் குறுக்கே வெட்டும்போது எவ்வளவு வளைக்கலாம்? ஓடைப்பள்ளத்தைக் கடக்கையில் வரப்பின் உயரம் எங்கே கூடவேண்டும்? மிகுநீர் வெளியேறும் கலிங்கை எவருடைய நிலத்தில் விடுவது, அவரை எப்படிச் சம்மதிக்க வைப்பது? இவற்றுக்கான விடை முதல் மழை பெய்து, வரப்பு நின்றதா உடைந்ததா என்று பார்த்த பிறகுதான் தெளிவாகிறது.

கரிசல் மண் இதற்கு நல்ல சான்று. மழை குறைந்த, ஆண்டுக்கு ஏறத்தாழ 600 மில்லிமீட்டருக்கு உட்பட்ட இடங்களில், நீர் எளிதில் இறங்கும் மண்ணில் சம உயர வரப்பு ஏற்றது என்பது பாடநூல் விதி. கனத்த கரிசலில் அதே வரப்பைப் போட்டால் கோடையில் வெடிப்பு விடுகிறது. முதல் பெருமழையில் நீர் வெடிப்புக்குள் புகுந்து வரப்பை அறுத்துக்கொண்டு போகிறது. அங்கே மெல்லிய சரிவு கொடுத்து நீரை வடியவிடும் சாய்வு வரப்பே பொருந்தும். விதி என்ற அளவில் இது எல்லாப் பயிற்சிக் கையேட்டிலும் உண்டு. ஆனால் ஒரே ஊரில் மேட்டில் செம்மண்ணும் பள்ளத்தில் கரிசலும் கலந்து கிடக்கையில், எந்த வயலோடு ஒரு முறையை நிறுத்தி மற்றதைத் தொடங்குவது என்பதைக் கையேடு சொல்லாது. உடைந்த வரப்பின் முன்னே நின்று, அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் இருந்து விளக்கவேண்டிய பாடம் அது. அட்டவணையில் அந்தப் பாடத்துக்குப் பணம் இல்லை.

இந்த வாசிப்பு சரியென்றால் 1994இலிருந்து சொல்லப்படும் கதையும் மாறுகிறது. ஹனுமந்த ராவ் குழுவின் பரிந்துரையை அடியொற்றி வந்த 1994 நெறிமுறைகள் பணிகளுக்கு 80, மக்களை அமைப்பாக்குவதற்கு 5, பயிற்சிக்கு 5, நிர்வாகத்துக்கு 10 என்று பிரித்தன. 2003இன் ஹரியாலி நெறிமுறைகள் பணிகளை 85ஆக உயர்த்தி, மக்களைத் திரட்டுவதையும் பயிற்சியையும் ஒரே 5க்குள் அடக்கின. 2006இல் பார்த்தசாரதி குழு ஹரியாலியைக் கடுமையாக விமர்சித்த பிறகு 2008 நெறிமுறைகள் வந்தன. வழக்கமான ஆய்வில் இது ஒரு வீழ்ச்சியும் மீட்சியும். தொகையை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தெரியும். ஆனால் 1994இன் பயிற்சி வரி எந்தக் கட்டத்தோடும் கட்டப்படாமல் தனியே நின்றது. 2008இன் வரி ஒரு கட்டத்துக்குள் வைக்கப்பட்டது. மீட்சி என்று கொண்டாடப்படுவதில் ஓர் இழப்பும் அடங்கியிருக்கிறது. கட்டம் கட்டமாகத் திட்டமிடுவது என்ற, வேறு வகையில் பாராட்டத்தக்க சீர்திருத்தத்தின் பக்கவிளைவாகவே இது நேர்ந்திருக்கலாம். எவருடைய உள்நோக்கத்தையும் இங்கே தேட வேண்டியதில்லை.

2011 திருத்தம் இந்த இழப்பை ஆழமாக்கியது. மேம்பாட்டுப் பணிகள் 50இலிருந்து 56ஆயின. வாழ்வாதாரம் 9ஆகவும் உற்பத்தி முறைகள் 10ஆகவும் குறைந்தன. நிலைப்படுத்தும் கட்டம் 5இலிருந்து 3 ஆனது. பயிற்சியின் 5 அப்படியே நின்றதை மட்டும் மேற்கோள் காட்டுவோர், செய்த வேலையைத் திரும்பிப் பார்த்துப் பாடம் எழுதுவதற்கு எஞ்சியிருந்த கடைசி இடமும் சுருங்கியதைச் சொல்வதில்லை.

பணம் நிற்கும் இடத்தோடு ஆள் நிற்கும் இடமும் சேர்ந்த பிரச்சினை இது. 2008 நெறிமுறையின்படி நீர்வடிப்பகுதி மேம்பாட்டுக் குழுவில் குறைந்தது நான்கு உறுப்பினர்கள் இருக்கவேண்டியிருந்தது. வேளாண்மை, மண்ணியல், நீர் மேலாண்மை, மக்களை அமைப்பாக்குதல் ஆகியவற்றில் தேர்ச்சி வேண்டியிருந்தது. ஒருவராவது பெண்ணாக இருக்கவேண்டியிருந்தது. அவர்களின் ஊதியம் திட்டத்தைச் செயல்படுத்தும் முகமையின் நிர்வாகச் செலவிலிருந்து வந்தது. அதாவது திட்டம் முடிந்தால் பதவியும் முடிந்தது. இரண்டு மழைக்காலங்களில் நிலத்தைப் படிக்கக் கற்றுக்கொண்ட ஒருவர், அந்தப் படிப்பு பலன் தரத் தொடங்கும் வேளையில் வேறு வேலை தேடிப் போகிறார். அவருடைய இடத்துக்கு அடுத்த திட்டத்தில் வருபவர் மீண்டும் ஆயத்தக் கட்டப் பயிற்சியிலிருந்து தொடங்குகிறார்.

பழைய முறையை ஒப்பிட்டுப் பார்ப்பது இங்கே உதவும். 1953இல் மத்திய மண் பாதுகாப்பு வாரியம் அமைந்தபின் டேராடூன், உதகமண்டலம், பெல்லாரி உள்ளிட்ட இடங்களில் ஆராய்ச்சி, செயல்விளக்கம், பயிற்சி மூன்றையும் ஒன்றாகச் செய்யும் மையங்கள் எழுந்தன. பின்னர் அவை இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின்கீழ் வந்து, 1974இல் டேராடூனைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனமாயின. மாநிலத் துறைகளின் அலுவலர்களும் உதவியாளர்களும் மாதக்கணக்கில் நீண்ட பயிற்சிகளுக்கு அங்கே அனுப்பப்பட்டார்கள். நீலகிரியில் பயின்றவர் உருளைக்கிழங்குச் சரிவில் உள்நோக்கிச் சாய்ந்த படிவரப்புகளை மழையோடு பார்த்தார். பெல்லாரியில் பயின்றவர் கரிசலைக் கோடையிலும் மழையிலும் பார்த்தார்.

இந்தப் பயிற்சிகளை முந்தைய ஆய்வுகள் பொறியியல் மட்டுமே தெரிந்த, மக்களைக் கேளாத அதிகாரத்தின் பள்ளிகள் என்று புறந்தள்ளியுள்ளன. விமர்சனத்தில் உண்மை இருக்கிறது. விவசாயியைக் கலக்காமல் போட்ட வரப்புகளை அவரே உழுது அழித்த கதை இந்தியாவின் பல பகுதிகளுக்கும் பொது. ஆனால் பாடத்திட்டத்தின் குறையை வைத்துப் பயிற்சியின் அமைப்பையே தள்ளிவிட்டது பிழை. பயிற்சி பெற்றவர் நிரந்தரப் பதவிக்குத் திரும்பினார். தான் போட்ட வரப்பை அடுத்தடுத்த ஆண்டுகளில் பார்க்கும் வாய்ப்பு அவருக்கு இருந்தது. மக்களோடு பேசும் பாடத்தை அந்த அமைப்புக்குள் சேர்த்திருக்கலாம். சேர்க்காமல், அமைப்பை ஓரம்கட்டிவிட்டு மூன்று நாள், ஐந்து நாள் முகாம்களுக்குப் போனோம்.

மாற்று எப்படி இருக்கும் என்பதற்கு வெளிநாடு போகவேண்டியதில்லை. மகாராஷ்டிரத்தில் தொடங்கிய இந்தோ-ஜெர்மன் நீர்வடிப்பகுதித் திட்டம், முழுச் செயலாக்கத்துக்கு முன்பு திறன் வளர்ப்புக் கட்டம் ஒன்றை வைத்தது. பெயரளவில் அதுவும் ஆயத்தம்தான், உள்ளடக்கம் வேறு. ஓராண்டோ அதற்குச் சற்றுக் கூடுதலாகவோ நீண்ட அந்தக் கட்டத்தில், நீர்வடிப்பகுதியின் ஒரு சிறு பகுதியில் உண்மையான வேலையையே செய்துமுடிக்கவேண்டியிருந்தது. ஒவ்வொரு சர்வே எண்ணிலும் நில உடைமையாளரோடு நடந்து திட்டமிட்டு, வரப்பு போட்டு, கூலி கொடுத்து, கணக்கெழுதி, ஊர்க்குழுவும் தொண்டு நிறுவனமும் தேறிய பிறகே நபார்டு வங்கி முழுச் செயலாக்கத்துக்கு அனுமதி தந்தது. இங்கே பயிற்சிக்கும் வேலைக்கும் இடையில் சுவர் இல்லை. அகமதுநகரைத் தளமாகக் கொண்டு 1993இல் தோன்றிய நீர்வடிப்பகுதி அமைப்பு அறக்கட்டளை இந்தக் கட்டத்தைத்தான் தன் முக்கியப் பொறுப்பாக ஏற்றது.

இந்தத் திட்டம் ஊர்களைத் தேர்ந்தெடுத்தே சேர்த்தது, அதனால் அரசுத் திட்டத்தோடு ஒப்பிடக்கூடாது என்ற மறுப்பு நியாயமானது. ஊர்களின் விளைவுகளை அப்படியே ஒப்பிட இக்கட்டுரை முனையவில்லை. ஒப்பிடுவது பணத்தையும் பயிற்சியையும் ஒரே காலத்தில் வைத்த ஏற்பாட்டை மட்டும். இன்னும் இரண்டு மறுப்புகள் எழலாம். மாநிலங்கள் விரும்பினால் தலைப்பு மாற்றிச் செலவிடலாமே என்பது ஏட்டளவு சுதந்திரம். இணையவழிப் பாடங்கள் இடைவெளியை நிரப்பிவிடும் என்ற வாதத்துக்கு, மேலே சொன்ன கரிசல் வரப்பே பதில்.

நெறிமுறைகள் அடுத்துத் திருத்தப்படும்போது பயிற்சியின் சதவீதத்தைக் கூட்டச் சொல்லிக் கோருவதைவிட, அதில் ஒரு பாதியையாவது பணிக் கட்டத்தின்கீழ், முதல் இரண்டு மழைக்காலங்களோடு கட்டி வைக்கக் கோருவது பயன்தரும். இன்னொரு பகுதி திட்டத்தோடு இல்லாமல் பணியாளரோடு பயணிக்கவேண்டும்: ஒரு திட்டத்தில் தொடங்கிய பயிற்சியை அடுத்த திட்டத்தில், வேறு மாவட்டத்தில் ஆனாலும், அவர் தொடர வழி வேண்டும்.

இங்கே முன்வைத்த வாசிப்பு அட்டவணையிலிருந்து பெறப்பட்டது. அதைச் சோதிக்க ஆவணங்கள் இருக்கின்றன. மாநில முகமைகளிடம் உள்ள பயிற்சிப் பதிவேடுகளில் ஒவ்வொரு முகாமின் தேதியும் உண்டு. பணி அளவீட்டுப் புத்தகங்களில் முதல் வரப்பு முடிந்த தேதி உண்டு. அந்த வட்டத்தின் மழைமானிப் பதிவில் முதல் பெருமழையின் தேதி உண்டு. பணியாளர் பயிற்சியில் பெரும்பங்கு அந்த மழைக்குப் பிறகு நடந்திருந்தால் இந்த வாசிப்பு தவறு. அதற்கு முன்பே முடிந்திருந்தால், செலவழியாத பணத்தைப் பற்றிய பழைய விளக்கத்தைக் கைவிட வேண்டியிருக்கும்.