ஒரு தீவு, இரண்டு ஈயம்

இரத்தினபுரிப் பக்கத்து மணிக்கல் குழிகளில் சரளையை அள்ளிப் பிரம்புக் கூடையில் போட்டு, நீரில் சுழற்றி அலசுவார்கள். மண்ணும் லேசான கல்லும் ஓடிப்போக, கனமானவை அடியில் தங்கும். சில இடங்களில் நீலக்கல்லோடும் கோமேதகத்தோடும் கரிய சின்னஞ்சிறு கனசதுரங்களும் தங்குவதுண்டு. நகைக்கு ஆகாத கல். பலாங்கொடைப் பகுதியில் கிடைத்த அந்தக் கறுப்புக் கல் 1904-இல் லண்டன் வரை போய், தோரியனைட் என்ற பெயரில் புதிய கனிமமாகப் பதிவானது. அதைக் கண்டறிந்து அறிவித்ததில் முக்கியப் பங்கு, அன்று இலங்கைக் கனிம ஆய்வுத் துறையின் இயக்குநராக இருந்த ஆனந்த குமாரசாமிக்கு.

ஆமாம், அதே குமாரசாமிதான். சர் முத்துக்குமாரசுவாமியின் மகன். நடராசர் திருமேனியின் பொருளை மேல்நாட்டாருக்கு எடுத்துச் சொன்னவர். கலைப் பக்கம் வருமுன் அவர் படித்தது நிலவியல். 1906-இல் லண்டன் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் தந்ததும் இலங்கைக் கனிமங்களைப் பற்றிய ஆய்வுக்காகவே. அவருடைய கலை நூல்களைக் கொண்டாடும் நாம் இந்தக் கல்லைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

அப்போது தோரியம் நல்ல விலை போகும் சரக்கு. ஐரோப்பியத் தெருக்களின் கேஸ் விளக்குகளிலும், பின்னாளில் நம் ஊர்க் கல்யாணங்களுக்கு வெளிச்சம் தந்த பெட்ரோமாக்ஸிலும் எரிந்த மேண்டில் பெரும்பாலும் தோரியம் ஆக்சைடுதான். அதற்காகவே பிரேசில் கடற்கரை மணலை வாரினார்கள். 1909-இல் மணவாளக்குறிச்சி மணலிலும் அதைக் கண்டுகொண்டார்கள். மணலில் தோரியம் நூற்றுக்குச் சில பங்குதான். பலாங்கொடைக் கல்லிலோ தோரியம் ஆக்சைடே எழுபது பங்குக்கு மேல்.

வியாபாரிகளுக்கு விளக்குத் திரியாகத் தெரிந்த கல்லில் வேதியியலாளர்களுக்கு வேறொரு வம்பு காத்திருந்தது. ஆங்கிலம் கற்றுக்கொள்ள லண்டனுக்கு வந்திருந்த ஓட்டோ ஹான் என்ற ஜெர்மானிய இளைஞரிடம், தோரியனைட்டிலிருந்து எடுத்த உப்பைக் கொடுத்து, ரேடியத்தைப் பிரிக்கச் சொன்னார் வேதியியலாளர் வில்லியம் ராம்சே. 1905-இல் ஹான் அதில் கதிர்வீசும் புதிய பொருள் ஒன்றைக் கண்டு, ரேடியோதோரியம் என்று பெயரிட்டார். இதைத் தோரியத்தோடு ஒருமுறை கலந்துவிட்டால் பிறகு எந்த ரசாயன முறையாலும் பிரிக்க முடியவில்லை. தோரியத்தின் கதிர்வீச்சு ஆண்டுக்கணக்கில் மாறாது. இதுவோ சில ஆண்டுகளில் பாதியாகத் தேய்ந்துவிடும். அப்படியானால் இரண்டும் ஒன்றா, வேறா?

கேள்வி சிக்கலானதற்குக் காரணம், ஒரு தனிமத்தின் அடையாளம் அதன் அணு எடை என்ற நம்பிக்கை. டால்டன் காலத்திலிருந்து வேரோடிய நம்பிக்கை அது. 1869-இல் மெண்டலீவ் தனிமங்களை எடைப்படிதான் அடுக்கினார். டெல்லூரியம் மட்டும் வம்பு செய்தது: அதன் எடை 127.6, குணத்தால் அதற்குப் பின்னால் நிற்கவேண்டிய அயோடினுக்கோ 126.9. டெல்லூரியத்தை எடைபோட்டவர்கள்தான் தவறு செய்திருக்க வேண்டும் என்று சொல்லி, குணத்தை நம்பி இருவரையும் அவரவர் இடத்தில் நிறுத்தினார் மெண்டலீவ். இடம் சரி, சொன்ன காரணம்தான் தவறு.

சரியான காரணத்தை 1913-இல் ஹென்றி மோஸ்லி என்ற இயற்பியலாளர் கண்டார். இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர்தான் மான்செஸ்டரில் ரூதர்ஃபோர்ட், அணுவின் நடுவே மின்னூட்டம் கொண்ட சிறு கரு இருப்பதாகச் சொல்லியிருந்தார். தனிமத்தின் வரிசை எண்ணே கருவின் மின்னூட்டமாக இருக்கலாம் என்று, ஆய்வகமே இல்லாத வான் டென் புரூக் என்ற டச்சு வழக்கறிஞர் ஊகித்தார். மோஸ்லி அதைச் சோதித்தார். வெற்றிடக் குழாய்க்குள் சின்னத் தள்ளுவண்டி. அதில் வரிசையாக உலோகத் துண்டுகள். வண்டியை இழுக்கத் தூண்டில் போடும் பட்டு நூல். ஒவ்வொரு துண்டின் மீதும் எலக்ட்ரான்களை மோதவிட்டு, வெளிவந்த எக்ஸ் கதிரின் அதிர்வெண்ணை அளந்தார். அதன் வர்க்கமூலம் தனிமத்துக்குத் தனிமம் சமமான படிகளில் ஏறியது. எடையில் கோபால்ட் நிக்கலை முந்தினாலும் இந்த ஏணியில் கோபால்ட் 27, நிக்கல் 28. அணு எண் அச்சிட வசதியான வரிசை எண் என்ற நிலை போய், அளந்து பார்க்கக்கூடிய குணமானது. 1915 ஆகஸ்ட் 10 அன்று கலிப்போலிப் போர்க்களத்தில் குண்டடிபட்டு மோஸ்லி இறந்தபோது வயது 27.

எண்தான் அடையாளம் என்றால், ஒரே எண்ணில் வெவ்வேறு எடைகள் இருக்கலாமே? வேதியியலாளர் ஃபிரடெரிக் சாடி அப்படித்தான் சொன்னார். 1913-இல் அவற்றுக்கு ஐசோடோப்பு என்று பெயரும் வைத்தார். கணக்கு எளிமையானது. கதிர்வீசும் அணுவிலிருந்து ஓர் ஆல்ஃபா துகள் வெளியேறினால் எடையில் 4 குறையும், வரிசையில் இரண்டு இடம் இறங்கும். பீட்டா வெளியேறினால் எடை மாறாது, ஓரிடம் ஏறும். 232 எடையுள்ள தோரியம் ஆறு ஆல்ஃபா இழந்தால் 208. 238 எடையுள்ள யுரேனியம் எட்டு இழந்தால் 206. பீட்டாக் கணக்கையும் சேர்த்தால் இரண்டும் வந்து நிற்பது 82 என்ற ஒரே இடத்தில், ஈயத்தில். கடையில் வாங்கும் ஈயம் 207.2.

சொன்னால் போதுமா, எடைபோட்டுக் காட்டவேண்டாமா? மறுபடியும் இலங்கைக் கல்லுக்கே வந்தார்கள். தோரியனைட்டில் யுரேனியமும் கணிசமாக உண்டு. எனவே யுரேனியம் குறைவான இன்னொரு இலங்கைக் கனிமமான தோரைட்டை சாடி எடுத்துக்கொண்டார். 1914-இல் தொடங்கிய அந்த வேலையின் முடிவில் கிடைத்த ஈயத்தின் எடை ஏறக்குறைய 207.7. ஹார்வர்டில் தியோடர் ரிச்சர்ட்ஸ், அணு எடையைத் துல்லியமாக அளப்பதற்கென்றே நோபல் பரிசு பெற்றவர், தோரியனைட்டிலிருந்து எடுத்த ஈயத்துக்குக் கண்டது 206.8. ஒரே தீவின் இரண்டு கற்கள்; இரண்டிலும் ஈயம், குணத்தில் வித்தியாசம் இல்லை, தராசில் மட்டும் வேறு. 1917-இல் குமாரசாமி பாஸ்டன் அருங்காட்சியகத்தில் சேர்ந்தார். ஹார்வர்டு அங்கிருந்து ஆற்றுக்கு அக்கரைதான்.

இவ்வளவு தெரிந்தும் கருவுக்குள் என்ன இருக்கிறது என்பது தெளிவாகவில்லை. புரோட்டானுக்கு ரூதர்ஃபோர்ட் பெயர் வைத்தது 1920-இல். 82 புரோட்டான் சேர்ந்தாலும் எடை 82-தானே, மீதி எங்கே? கருவுக்குள் கூடுதல் புரோட்டான்களும், அவற்றின் மின்னூட்டத்தை ஈடுசெய்யச் சில எலக்ட்ரான்களும் அடைந்து கிடப்பதாகச் சமாளித்தார்கள். 1932-இல் கேம்பிரிட்ஜில் ஜேம்ஸ் சாட்விக் மின்னூட்டமே இல்லாத நியூட்ரானைக் கண்டதும் கணக்கு நேரானது. ஈயம் எதுவானாலும் புரோட்டான் 82. நியூட்ரான் 124 என்றால் 206, 126 என்றால் 208. வேதிக்குணத்தைத் தீர்மானிக்கும் வெளி எலக்ட்ரான்களின் எண்ணிக்கை புரோட்டானைப் பொறுத்தது. ரேடியோதோரியமும் தோரியத்தின் ஐசோடோப்புதான்; அதை வேதியியலாளர்கள் பிரிக்க முடியாமல் திண்டாடியதும் அதனால்தான்.

பள்ளிப் புத்தகங்களில் ஈயத்தின் அணு நிறை 207.2 என்றே இருக்கிறது. சராசரி ஈயத்துக்கு அது சரி. ஆனால் வேதியியலின் சர்வதேச அமைப்பான ஐயுபேக், கிடைக்கும் இடத்துக்கு இடம் எடை மாறுவதைக் கருதி, 2021-இல் ஈயத்துக்கு ஒற்றை எண்ணை விட்டுவிட்டு 206.14 முதல் 207.94 வரை என்று வெளியிட்டது.