லிவர்பூல்: ஒரு நகரம் பற்றிய பொதுசன மனப்படிமமும் அதன் வரலாற்று அடிப்படையும்

1

மனிதருக்குக் குணம் கற்பிப்பது போலவே நகரங்களுக்கும் குணம் கற்பிப்பது உலகெங்கும் உள்ள வழக்கமாகும். ஓரூரார் சிக்கனக்காரர், மற்றோரூரார் சண்டைக்காரர், இன்னோரூரார் சோம்பேறிகள் என்று மக்கள் பேசிக்கொள்வர். இத்தகைய பேச்சு பகிடியாகத் தொடங்கிப் பகிடியாகவே முடியுமாயின் வரலாற்று மாணவர் அதனைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஆனால், அரசு ஓரிடத்தில் முதலிடுவதா விடுவதா என்பதற்கும், பொலிசார் அவ்வூர் மக்களை நடத்தும் முறைக்கும், விசாரணை மன்றில் எவர் சொல் நம்பப்படும் என்பதற்கும் அப்பேச்சே நியாயமாக அமையும்போது, அது ஒரு சமூக சக்தியாகிவிடுகின்றது. அதன் தோற்றத்தையும் தொழிற்பாட்டையும் ஆராய்வது அப்போது அவசியமாகின்றது.

இங்கிலாந்தின் வடமேற்கில், மேர்சி ஆற்றின் கழிமுகத்தில் அமைந்த லிவர்பூல் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். பேரரசின் இரண்டாவது நகரம் என ஒருகாலத்திற் போற்றப்பட்ட அது, இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் வேலைநிறுத்தம், கலகம், களவு, சுயஇரக்கம் என்பவற்றின் மறுபெயராகப் பிரித்தானியப் பொதுசன அபிப்பிராயத்தில் இடம்பெறலாயிற்று. சில தலைமுறைகளுக்குள் ஒரு நகர மக்களின் குணம் இவ்வாறு தலைகீழாக மாறிவிட்டதா? அன்றேல், மாறியது வேறு யாதேனுமா? இவ்வினாவை வரலாற்று அடிப்படையில் அணுகுவதே எமது நோக்கமாகும்.

2

1207ஆம் ஆண்டு ஜோன் மன்னனின் பட்டயத்தாற் பட்டினமாக்கப்பட்ட லிவர்பூல், அதன்பின் நான்கு நூற்றாண்டுகளுக்கு மேலாகச் சிறு துறையாகவே இருந்தது. அதன் வளர்ச்சி அத்திலாந்திக் வாணிபத்தோடு வந்தது. 1699இல் அங்கிருந்து ஓர் அடிமைக் கப்பல் ஆபிரிக்காவுக்குப் புறப்பட்டது. கப்பல்கள் வற்றுப்பெருக்கால் தடைப்படாது நின்று பண்டம் இறக்குவதற்கான மூடிய துறை 1715இல் திறக்கப்பட்டது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவின் முதன்மையான அடிமை வாணிபத் துறைமுகம் லிவர்பூலே. அந்நகரக் கப்பல்கள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆபிரிக்கரை அத்திலாந்திக்குக்கு அப்பால் கொண்டு சென்றன என வரலாற்றாசிரியர் கணிப்பர்.

இக்காலத்தில் அந்நகரைப் பற்றி நிலவிய மதிப்பு யாது? ஊக்கமும் துணிவும் மிக்க வணிகரின் நகரம் என்பதே. வாணிபத்தின் தன்மை அந்த மதிப்பைக் குலைக்கவில்லை. அடிமை வாணிப ஒழிப்புக்கு 1807இல் பாராளுமன்றத்தில் வாக்களித்த அந்நகரப் பிரதிநிதி வில்லியம் ரொஸ்கோ, ஊர் திரும்பியபோது கும்பலின் எதிர்ப்பையே சந்தித்தார். அதன்பின் அவர் பாராளுமன்ற உறுப்பினராக இருக்கவில்லை. ஒழிப்புச் சட்டத்தின் பின் பருத்தி வந்தது. அமெரிக்க அடிமைகள் விளைத்த பஞ்சு லிவர்பூலில் இறங்கி, 1830இல் திறக்கப்பட்ட புகையிரதப் பாதை வழியாக மான்செஸ்டரின் ஆலைகளைச் சென்றடைந்தது. 1854இல் திறக்கப்பட்ட சென் ஜோர்ஜ் மண்டபமும், 1907இற்கும் 1917இற்கும் இடையில் ஆற்றங்கரையில் எழுந்த மூன்று பெருங் கட்டடங்களும் அந்நகர ஆளும் வர்க்கம் தன்னைப் பற்றிக் கொண்டிருந்த எண்ணத்தைக் கல்லிலே நிலைநிறுத்தியவை எனலாம்.

3

இப்பெருமையின் அடியில் வேறொரு படிமமும் உருவாகிக்கொண்டிருந்தது. அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பஞ்சத்திலிருந்து தப்பி 1847ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 3 இலட்சம் மக்கள் லிவர்பூலில் வந்திறங்கினர். பலர் அமெரிக்காவுக்குப் போயினர். கப்பற் கூலிக்கும் வழியற்ற வறியவர் தங்கினர். 1851ஆம் ஆண்டுக் குடிசனமதிப்பின்படி நகர மக்களில் ஐந்திலொரு பகுதிக்கு மேற்பட்டோர் அயர்லாந்திற் பிறந்தவர்கள். நிலவறைகளிலும் காற்றோட்டமற்ற முடுக்குகளிலும் அவர்கள் நெருக்குண்டு வாழ்ந்த இடங்களில் தைபஸ் காய்ச்சல் பரவியது. நோயாளரைப் பராமரிக்கச் சென்ற கத்தோலிக்கக் குருமார் பதின்மர் அவ்வாண்டில் இறந்தனர். ஆயினும் பொதுசன வழக்கில் அந்நோய்க்கு 'அயர்லாந்துக் காய்ச்சல்' என்றே பெயராயிற்று. நிலவறையை வாடகைக்கு விட்டவரின் பெயரால் அது அழைக்கப்படவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது.

துறைமுகத் தொழிலின் அமைப்பும் இவ்வாறே நோக்கப்படல் வேண்டும். நாளுக்கு இருமுறை துறைவாயிலிற் கூடி நின்று, மேற்பார்வையாளன் தோளைத் தொட்டால் அரைநாள் வேலை, தொடாவிட்டால் வெறுங்கை என்ற முறையே லிவர்பூல் தொழிலாளரின் வாழ்வை நிர்ணயித்தது. இந்நாட்கூலி முறை 1967 வரை முற்றாக நீங்கவில்லை. நாளை வேலை உண்டா என்று அறியாதவனிடம் ஒழுங்கையும் சேமிப்பையும் எதிர்பார்த்த நடுத்தர வர்க்கம், அவனுடைய நிச்சயமின்மையை அவனுடைய குணமாகக் கண்டது. 1911ஆம் ஆண்டுப் போக்குவரத்து வேலைநிறுத்தத்தின்போது அரசு நகருக்குப் படையினரை அனுப்பியது. மேர்சி ஆற்றுக்குப் போர்க்கப்பலும் வந்தது. ஓகஸ்ட் 15இல் படையினர் சுட்டதில் இருவர் இறந்தனர். 'அடங்காத நகரம்' என்னும் பெயர் இவ்வாறுதான் வலுப்பெற்றது. அந்நகரப் பேச்சுவழக்குக்கும் மக்களுக்கும் வழங்கும் 'ஸ்கவுஸ்' என்ற பெயர்கூட, மாலுமிகளும் வறியவரும் உண்ட இறைச்சியும் கிழங்கும் கலந்த ஒரு கூட்டுணவின் பெயரே.

4

செல்வம் இருந்தவரை இவ்விரு படிமங்களும் அருகருகே நிலவின. செல்வம் வெளியேறியபோது இரண்டாவது மட்டுமே எஞ்சியது. பேரரசு வாணிபம் சுருங்கிற்று. பிரித்தானியாவின் வாணிபம் ஐரோப்பாவை நோக்கித் திரும்ப, மேற்குக் கரைத் துறைமுகம் பிழையான பக்கத்தில் நின்றது. கொள்கலன் முறை ஆயிரக்கணக்கான கைகளின் வேலையைச் சில பாரந்தூக்கிகளிடம் ஒப்படைத்தது. 1972இல் தென்பகுதித் துறைகள் மூடப்பட்டன. 1979இல் டன்லப் டயர் தொழிற்சாலையும் 1981இல் டேற் அன்ட் லைல் சீனி ஆலையும் மூடப்பட்டன. 1931இல் ஏறத்தாழ 8,55,000 ஆக இருந்த சனத்தொகை 2001இல் 4,39,000 அளவிற்குக் குறைந்தது. 1960களில் பீற்றில்ஸ் இசைக்குழு தேடித்தந்த புகழால் இவ்வீழ்ச்சியை மறைக்க முடிந்ததேயன்றித் தடுக்க முடியவில்லை.

1981 ஜூலையில், வேலையின்மையும் கறுப்பின மக்கள்மீதான பொலிஸ் கெடுபிடியும் மிகுந்திருந்த டொக்ஸ்டெத் பகுதியிற் கலகம் மூண்டது. வட அயர்லாந்துக்கு வெளியே பிரித்தானியாவிற் கலகம் அடக்கக் கண்ணீர்ப்புகை முதன்முறையாகப் பயன்பட்டது அங்கேயே. அவ்வேளை நிதியமைச்சராயிருந்த ஜெஃப்ரி ஹவ், அந்நகரின் மீது அளவுக்கு மேற் பணத்தைச் செலவிடலாகாது என்றும், 'நிர்வகிக்கப்பட்ட வீழ்ச்சி' என்னும் வழியை மறந்துவிடலாகாது என்றும் பிரதமருக்கு எழுதினார். அச்சொற்றொடர் தனிப்பட்ட முறையிற்கூட வழங்கத்தக்கதன்று எனவும் குறித்தார். 2011 இறுதியில் அரச ஆவணங்கள் வெளியானபோதே இது பொதுமக்களுக்குத் தெரிய வந்தது. அவ்வழி முழுமையாக ஏற்கப்படவில்லை. ஆயினும் ஒரு நகரைக் கைவிடுவது அமைச்சர் மட்டத்தில் எண்ணிப்பார்க்கத்தக்கதாக இருந்தது என்பதே கவனத்திற்குரியது.

1983 முதல் 1987 வரை மத்திய அரசோடு மோதிய இடதுசாரி மாநகரசபை, 'அடங்காத நகரம்' என்ற பெயருக்கு மேலும் ஓர் அத்தியாயத்தைச் சேர்த்தது. 1985இல் பிரசெல்ஸ் நகரின் ஹெய்சல் மைதானத்தில் லிவர்பூல் ஆதரவாளர் பாய்ந்து தாக்கியதையடுத்துச் சுவரிடிந்து 39 பேர் இறந்தனர். அது உண்மையான குற்றம். அதனை நாம் மறைத்தலாகாது. ஆனால் சிலரின் குற்றம் ஓரூரின் இயல்பாக எழுதப்பட்டது.

5

இப்படிமம் எத்துணைக் கொடிய விளைவைத் தரக்கூடும் என்பது நான்கு ஆண்டுகளின் பின் புலனாயிற்று. 1989 ஏப்ரல் 15இல் ஷெபீல்ட் நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நடந்த உதைபந்தாட்டப் போட்டியில், பொலிசார் ஒரு வெளிவாயிலைத் திறந்துவிட, ஏற்கெனவே நிறைந்திருந்த கம்பிவேலிக் கூண்டுகளுக்குள் மக்கள் நசுங்கினர். இறந்தோர் தொகை காலப்போக்கில் 97 ஆயிற்று. பொறுப்பதிகாரியோ ஆதரவாளர்களே வாயிலை உடைத்து நுழைந்தனர் என்று அன்று கூறினார். ஏப்ரல் 19இல் 'சன்' நாளிதழ் 'உண்மை' என்ற தலைப்பிட்டு, லிவர்பூல் ஆதரவாளர் இறந்தோரின் பணத்தைத் திருடினர், உதவிய பொலிசாரைத் தாக்கினர் என முதற்பக்கத்தில் வெளியிட்டது. இறந்த சிறுவர்களின் இரத்தத்திற்கூட மதுவின் அளவு சோதிக்கப்பட்டது.

1989 ஓகஸ்டிலேயே நீதியரசர் டெய்லரின் இடைக்கால அறிக்கை, பொலிஸ் கட்டுப்பாடு தவறியமையே முதன்மைக் காரணம் என முடிவு கூறிவிட்டது. எனினும் 1991இல் மரண விசாரணை 'விபத்து' என்றே தீர்ப்பளித்தது, பிற்பகல் 3.15இற்குப் பிந்திய நிகழ்வுகளை அது ஆராயவே மறுத்தது. 2012இல் சுயாதீனக் குழு ஆவணங்களை வெளிப்படுத்தியபோது, பொலிசாரின் 164 வாக்குமூலங்கள் திருத்தப்பட்டிருந்தமையும், அவற்றுள் 116இல் பொலிசுக்குப் பாதகமான கூற்றுகள் நீக்கப்பட்டிருந்தமையும் தெரிந்தன. 41 பேர் பிழைத்திருக்க வாய்ப்பிருந்தது என்பதும் தெரிந்தது. 2016இல் புதிய மரண விசாரணையின் ஜூரிகள், அம்மரணங்கள் சட்டவிரோதக் கொலைகள் என்றும், ஆதரவாளர் மீது தவறில்லை என்றும் தீர்த்தனர். பொறுப்பதிகாரி மீதான குற்றவியல் வழக்கோ 2019இல் விடுதலையில் முடிந்தது.

ஒரு நீதியரசரின் முடிவு வெளிவந்த பின்னரும் பொய் ஏன் இத்தனை காலம் நிலைத்தது? அதிகாரிகளின் மூடிமறைப்பு ஒரு காரணம். மற்றது, அப்பொய் கேட்போர் மனத்தில் ஏற்கெனவே தயாராயிருந்த இடத்தில் வந்து அமர்ந்தமை. குடிகாரர், திருடர், கலகக்காரர் என்ற படிமம் முன்னரே இருந்தமையால் சான்று கேட்கும் தேவை எழவில்லை. உண்மை கேட்ட பெற்றோரின் போராட்டம் அந்நகருக்கே உரிய சுயஇரக்கமாகச் சித்திரிக்கப்பட்டது. 2004 ஒக்டோபரிலும் 'ஸ்பெக்டேட்டர்' சஞ்சிகையின் ஆசிரியத் தலையங்கம் இதனையே திருப்பிக் கூறிற்று. பின்னாளிற் பிரதமரான அதன் ஆசிரியர் பொறிஸ் ஜோன்சன் மன்னிப்புக் கேட்க லிவர்பூல் செல்ல நேர்ந்தது.

6

இதற்கு எதிராக லிவர்பூல் மக்கள் தம்மைப் பற்றித் தாமே ஒரு படிமத்தை உருவாக்கிக்கொண்டனர்: ஒற்றுமையும் நகைச்சுவையும் அநீதிக்குத் தலைவணங்காமையும் கொண்ட தனி ஊர் என்பது அது. 'சன்' நாளிதழை அவர்கள் பகிஷ்கரித்தமை அதன் வெளிப்பாடுகளில் ஒன்று. ஆயின் இதனையும் நாம் விமர்சனமின்றி ஏற்றலாகாது. 1919 ஜூனில் சாள்ஸ் வூட்டன் என்ற கறுப்பின மாலுமி வெள்ளையர் கும்பலொன்றால் துரத்தப்பட்டுத் துறைநீரில் மூழ்கி இறந்ததும் இதே நகரிலேதான். பல தலைமுறையாக அங்கு வாழ்ந்த கறுப்பின மக்கள் 'ஒற்றுமை மிக்க ஊர்' என்ற சித்திரத்தில் நெடுங்காலம் இடம்பெறவில்லை. அடிமை வாணிபத்திற்கு மாநகரசபை மன்னிப்புக் கேட்டது 1999இலேயே. அடிமைத்தன வரலாற்றுக்கான அருங்காட்சியகம் 2007இல் திறக்கப்பட்டது. 2008இல் லிவர்பூல் ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகராக விளங்கியபோது படிமமே விற்பனைப் பண்டமாயிற்று. ஆற்றங்கரையின் புதிய கட்டட அபிவிருத்தி காரணமாக உலக மரபுரிமைத் தகுதியை அது 2021இல் இழந்தது.

தொகுத்து நோக்கின், லிவர்பூல் மக்களின் குணம் என்று பேசப்பட்டது பெரும்பாலும் அந்நகரம் உற்பத்தியிலும் வாணிபத்திலும் வகித்த இடத்தின் நிழலேயாகும். செல்வம் குவிந்தபோது கொள்ளை ஊக்கம் எனப்பட்டது. செல்வம் நீங்கியபோது வறுமை ஒழுக்கக்கேடு எனப்பட்டது. ஆகவே ஒரு மக்கட்கூட்டத்தைப் பற்றி 'எல்லோரும் அறிந்த' ஒன்றை எதிர்ப்படும்போது, அதனை முதலிற் சொன்னவர் யார், எப்போது சொன்னார், எந்தச் சான்றின் இடத்தில் அது வைக்கப்பட்டுள்ளது என வினவுவது வரலாற்று மாணவரின் கடமையாகும். ஹில்ஸ்பரோவில் மாண்டோரின் பெற்றோர் இவ்வினாவையே 27 ஆண்டுகள் கேட்டு நின்றனர்.