முகவரிப் பட்டை: பாதி தெரிஞ்சா போதுமா?

போன மாசம் என் நண்பர் ஒருத்தருக்கு, கேஒய்சி காலாவதி ஆயிடுச்சுன்னு ஒரு லிங்க் வந்தது. திறந்தா அவரோட வங்கிப் பக்கம் மாதிரியே இருக்கு. பதினெட்டாயிரம் ரூபாய் போச்சு. "முகவரியைப் பாத்தேன்டா, வங்கி பேர் இருந்துச்சு"ன்னார். இருந்தது, தொடக்கத்துல. ஆனா தளம் யாருடையதுன்னு சொல்ற பகுதி முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்குச் சற்று முன்னாடி இருக்கும். அங்க வேற எவனோ இருந்தான்.

அப்போ அந்த நீளமான சரத்தை நம்ம கண்ணுல ஏன் காட்டணும்? இந்தச் சண்டைக்கு வயசு முப்பதுக்கு மேல.

1990, ஜெனீவா பக்கத்துல செர்ன் ஆய்வகம். டிம் பெர்னர்ஸ்-லீ முதல் பிரவுசரை எழுதுகிறார். வேடிக்கை என்னன்னா, யூஆர்எல்லை உருவாக்கினவரே அதைச் சாதாரண ஆட்கள் பார்க்கணும்னு நினைக்கலை. லிங்கை அழுத்தினா பக்கம் வரணும், அவ்வளவுதான். 1993ல் வந்த மொசைக் பிரவுசர் அதைத் திரையிலேயே காட்டியது. அப்புறம் விசிட்டிங் கார்டு, விளம்பரப் பலகைன்னு எல்லா இடத்துக்கும் அது வந்துடுச்சு. அதுல வர்ற இரட்டைச் சாய்கோடு தேவையே இல்லைன்னு 2009ல் அவரே ஒத்துக்கிட்டார்.

2006ல் வந்த ஒரு ஆய்வை நான் அடிக்கடி நினைப்பேன். ரச்னா தமிஜாவும் இரண்டு சகாக்களும் 22 பேரை உட்காரவெச்சு, எது போலித் தளம்னு கண்டுபிடிக்கச் சொன்னாங்க. ரொம்ப நல்லா செஞ்ச போலி, 90 சதவீதம் பேரை ஏமாத்திடுச்சு. அதோட முகவரியில செஞ்ச வேலை ஒண்ணே ஒண்ணு: 'வெஸ்ட்'ங்கிற சொல்லோட டபிள்யூவுக்குப் பதிலா இரண்டு 'வி'. கிட்டத்தட்ட கால்வாசிப் பேர் முகவரிப் பட்டையை ஏறெடுத்தும் பார்க்கலை.

யாரும் படிக்கலைன்னா சுருக்கிடலாமேன்னு பிரவுசர்காரங்க கிளம்பினாங்க. 2010ல் குரோம், முன்னாடி இருந்த எச்டிடிபியை எடுத்தது. 2013ல் ஐஃபோன் சஃபாரி தளத்தோட பேரை மட்டும் காட்ட ஆரம்பிச்சது. 2018 செப்டம்பர்ல குரோம் மூணு டபிள்யூவையும் மறைச்சதும் பெரிய ரகளை. டபிள்யூ இருக்கிற பேரும் இல்லாத பேரும் இரண்டு வேற தளங்களா இருக்கலாமேன்னு டெவலப்பர்கள் கேட்டாங்க. நியாயமான கேள்வி. சில நாள்ல கூகுள் பின்வாங்கியது. அடுத்த வருஷமே சத்தமில்லாம திரும்பவும் மறைச்சது.

பாதுகாப்புக்காகத்தான்னு கூகுள் சொன்னதை எல்லாரும் நம்பலை. அப்போ ஏஎம்பி பக்கங்கள்ல செய்தி ஒரு பத்திரிகையோடதா இருக்கும், முகவரியில கூகுள் பேர் நிக்கும். முகவரி மங்கினா யாருக்கு வசதின்னு சந்தேகம் வரத்தானே செய்யும்?

2020ல் குரோம் ஒரு சோதனை செய்தது. சில பயனர்களுக்கு மட்டும் தளத்தோட பேர், மத்ததெல்லாம் மறைவு. 2021 ஜூன்ல அதைக் கைவிட்டாங்க. காரணம் கூச்சல் இல்லை. பாதுகாப்பு அளவீடுகள்ல அது எந்த மாற்றமும் கொண்டுவரலை. முழுசா காட்டினாலும் ஏமாறுறோம், பாதி காட்டினாலும் ஏமாறுறோம்.

என் கட்சி இதுதான்: தளத்தோட பேரைத் தடிமனா, தனியா காட்டட்டும், மிச்சத்தை மங்கலாக்கலாம், எடுக்கக் கூடாது. முகவரியைப் பார்த்து ஏதோ சரியில்லைன்னு முதல்ல சொல்றது அதைப் படிக்கிற அந்தச் சில பேர்தான். அவங்க கண்ணையும் கட்டிட்டா எப்படி?

(தமிழ் விக்கிப்பீடியா லிங்கை காப்பி பண்ணிப் பாத்திருக்கீங்களா? ஒரு 'அ'வே சதவீதக் குறியோட ஒன்பது எழுத்தா மாறி நிக்கும். அதைப் படிக்கச் சொன்னா நானும் ஓடிடுவேன்.)

கம்ப்யூட்டர்ல குரோம் வெச்சிருக்கிறவங்க, முகவரிப் பட்டையில ரைட் கிளிக் பண்ணுங்க. முழு முகவரியையும் எப்பவும் காட்டுன்னு ஒரு தேர்வு இருக்கு. மேக் சஃபாரில அது அமைப்புகளுக்குள்ள, மேம்பட்டவை பகுதியில ஒளிஞ்சிருக்கு. என் நண்பரோட லேப்டாப்ல நேத்துதான் போட்டுக் கொடுத்தேன்.