பயன் கருதாப் பணி: மாந்தைக் கரையில் ஒரு கருத்தின் வரலாறு

மன்னார்த் தீவில் தாழ்வுபாடு கத்தோலிக்க மீனவர் வாழும் ஊர். தீவைவிட்டுப் பெருநிலம் வந்தால் மாந்தை எனப்படும் பழைய மாதோட்டத் துறைமுகம், பாலாவித் தீர்த்தம், திருக்கேதீச்சரச் சிவன் கோயில். பலன் நோக்காக் கடமை என்றதும் கீதையைச் சுட்டி முடித்துவிடுவது ஆய்வாளர் பழக்கம். தமிழில் அக்கருத்துக்கு வேறு ஊற்றுகளும் உண்டு. அவை கூடிய இடங்களுள் ஒன்று இக்கரை.

புறநானூற்று 134ஆம் பாட்டில் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் வள்ளல் ஆய் அண்டிரனைப் புகழ்கிறார். இம்மையில் கொடுத்து மறுமையில் வாங்க நினைக்கும் வணிகர் வரிசையில் அவன் சேரமாட்டான். சான்றோர் சென்ற வழி என்பதற்காகவே கொடுக்கிறான். கடவுள் இங்கே பேசப்படவில்லை. திருக்குறளின் ஒப்புரவு அதிகாரமும் கைம்மாறு கருதாத மழையைக் காட்டியே தொடங்குகிறது.

12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இன்னும் ஒருபடி ஏறினார். அவர் பாடும் வரலாற்றில், திருப்புகலூரில் உழவாரப் பணி செய்யும் அப்பர் முன் பொன்னும் மணியும் கிடக்கின்றன. பருக்கைக் கல்லோடு சேர்த்து அவற்றையும் குளத்தில் எறிகிறார். கீதையின் கர்மயோகிக்குப் பிறவித் தளையிலிருந்து விடுதலை உண்டு. சேக்கிழாரின் அடியாரோ வீடுபேற்றையே வேண்டாதவர். பற்றின்மையில் இதுவே கடுமையான நிலை என்பது என் கருத்து.

இந்த மரபில் வந்தவர் ஆறுமுக நாவலர். 1848இல் மிஷன் பள்ளிச் சம்பளத்தை விட்டு, வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். போர்த்துக்கேயர் காலத்தில் அழிந்த திருக்கேதீச்சரத்தை மீட்கும்படி 1872இல் எழுதினார். 1879இல் அவர் மறைந்தபோது அங்கே காடுதான் இருந்தது. 1893இல் நகரத்தார் நிலத்தை வாங்கினர். 1903இல் குடமுழுக்கு நடந்தது. முடமோசியார் எள்ளிய வணிகர் குலமே முன்வந்தது வேடிக்கைதான். 1948இல் திருப்பணிச் சபை எழுந்தது. அதற்கு முன்னின்ற சேர் கந்தையா வைத்தியநாதனும் 1976 குடமுழுக்கைக் காணவில்லை.

இதற்கிடையே கருத்தின் அரசியல் முகமும் மாறியது. கர்மயோகம் பேசிய விவேகானந்தர் 1897இல் யாழ்ப்பாணம் வந்து பாம்பன் சென்றார். திலகரின் ‘கீதா ரகசியம்’ 1915இல் வெளிவந்தது. பாரதி கீதையைத் தமிழாக்கினார். கடமை கோயிலைவிட்டுத் தெருவுக்கு வந்தது அப்போதுதான்.

புனைகதையில் இதன் அண்மைய உச்சம் ஜெயமோகனின் ‘அறம்’ தொகுப்பு (2011). ‘யானை டாக்டர்’ கதையில் மருத்துவருக்கு விருது பெற்றுத்தர அலைபவர் கதைசொல்லி. மருத்துவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ‘சோற்றுக்கணக்கு’ கதையில் உணவுக்கடை நடத்தும் கெத்தேல் சாகிப் சோற்றுக்கு விலை கேட்பதில்லை. அவர் முஸ்லிம். பழைய தமிழறம் சமயவேலி தாண்டி நிற்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அந்த வேலியை மாந்தையிலேயே பார்க்கலாம். பொன்னை வேண்டாமென்பது எளிது. ‘இது எங்களுடையது’ என்ற பலனை விடுவது அரிது. நாவலரும் வைத்தியநாதனும் பலன் காணாமல் போன அதே இடத்தில், 2019 மகா சிவராத்திரிக்கு முதல்நாள் கோயில் வளைவொன்றைக் குறித்துச் சைவருக்கும் கத்தோலிக்கருக்கும் இடையே மோதல் எழுந்து, வளைவு பிடுங்கப்பட்டது. விவகாரம் நீதிமன்றம் வரை சென்றது.